காற்று தின்னும் யூனிட்: நெடுஞ்சாலையில் மின்காரின் தூரக் கணக்கு

பெட்ரோல் காருக்கு நகரத்து நெரிசலைவிட நெடுஞ்சாலையே சிக்கனமானது. ஊருக்குள் லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி திண்டிவனம் தாண்டியதும் பதினெட்டைத் தொட்டால், அதை யாரும் விசேஷமாகக் குறிப்பிடுவதில்லை. மின்காரில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது தாராளமாக ஓடுகிற அதே வண்டி, தடையற்ற நான்கு வழிச்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைப் பிடித்ததும், விற்பனைக் கூடத்தில் சொல்லப்பட்ட தூரத்தில் பாதியையோ அதைவிடச் சற்றுக் கூடுதலையோதான் கொடுக்கிறது. இதை மின்காரின் குறைபாடாகக் கருதுவோர் பலர். ஆனால் குறைபாடு என்று சொல்லத்தக்கது பெட்ரோல் எஞ்சினிடமே இருக்கிறது. அந்தக் குறைபாடு ஒரு நூற்றாண்டாகக் காற்றின் செலவை ஓட்டுநரின் கண்ணில் படாமல் மறைத்து வந்தது என்பதே சரியான விளக்கம்.

ஓர் இயந்திரத்துக்குள் செலுத்தப்படும் ஆற்றலில் எவ்வளவு பங்கு பயனுள்ள வேலையாக மாறுகிறது என்பதே அதன் பயனுறுதிறன் ஆகும். பெட்ரோல் எஞ்சின் மிக நல்ல நிலையில் இயங்கும்போதும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே சக்கரத்துக்குத் தருகிறது. மெதுவாகச் செல்லும்போதும், சிக்னலில் உறுமிக்கொண்டு நிற்கும்போதும், உள் உராய்வும் காற்றை உறிஞ்சும் உழைப்புமே பெரும்பகுதியைத் தின்றுவிடுவதால் அந்தப் பங்கு இன்னும் வெகுவாகச் சுருங்குகிறது. நெடுஞ்சாலையில் எஞ்சினின் சுமை கூடும்போது அதன் பயனுறுதிறனும் கூடுகிறது. காற்று கேட்கும் கூடுதல் ஆற்றலை, எஞ்சினில் குறைந்த விரயம் ஓரளவு ஈடுகட்டிவிடுகிறது. மின்மோட்டாருக்கோ இப்படி ஈடுகட்ட ஒதுக்கிவைத்த விரயம் எதுவுமில்லை. பேட்டரியிலிருந்து புறப்படும் ஆற்றலில் 85 முதல் 90 விழுக்காடு வரை எந்த வேகத்திலும் சக்கரத்தைச் சேர்ந்துவிடுவதால், வெளியே காற்று எவ்வளவு பறிக்கிறதோ அவ்வளவும் கழிவின்றி ஓட்டுநரின் கணக்கில் ஏறுகிறது.

இதோடு கையிருப்பின் சிறுமையும் சேர்கிறது. ஒரு கிலோவாட் திறன் ஒரு மணி நேரம் தொடர்ந்து செலவானால் அது ஒரு கிலோவாட்-மணி. மின்வாரியக் கட்டணத்தில் ஒரு யூனிட் என்பதும் அதுவே. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட் ஆற்றல் அடங்கியிருக்கிறது. ஆகவே 40 லிட்டர் கொள்ளும் சாதாரணத் தொட்டி 350 யூனிட்டுக்கு மேல் சுமக்கிறது. இந்தியச் சாலைகளில் ஓடும் நடுத்தர மின்கார் சுமப்பதோ சுமார் 40 யூனிட். அதாவது, பெட்ரோல் காரின் ஒன்பதில் ஒரு பங்கு ஆற்றலை வைத்துக்கொண்டு அதன் பாதித் தூரத்தையாவது எட்டுகிற இயந்திரம் அது. அவ்வளவு சிக்கனமானவனின் வீட்டில் ஒவ்வொரு செலவும் துலக்கமாகத் தெரிவதில் வியப்பில்லை.

சமதளச் சாலையில் ஒரே வேகத்தில் செல்லும் காரை இரண்டு விசைகள் பின்னுக்கு இழுக்கின்றன. முதலாவது உருளல் தடை: டயர் தரையைத் தொடும் இடத்தில் நசுங்கி, விலகியதும் மீண்டும் நிமிர்கிறது, நசுக்கச் செலவான ஆற்றல் முழுவதும் திரும்பாமல் ஒரு பகுதி ரப்பருக்குள் வெப்பமாகத் தங்கிவிடுகிறது. இந்தத் தடை வண்டியின் எடையைப் பொறுத்தது. வேகம் கூடினாலும் பெரிதாக மாறுவதில்லை. இரண்டாவது காற்றுத் தடை: முன்னால் நிற்கும் காற்றை வண்டி விலக்கித் தள்ள வேண்டியிருக்கிறது, விலகிய காற்று பின்புறத்தில் ஒழுங்காகச் சேராமல் சுழல்களாக உடைந்து அங்கே அழுத்தத்தைக் குறைப்பதால் வண்டியைப் பின்னிழுக்கவும் செய்கிறது. இவ்விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். கிலோமீட்டருக்கு ஆகும் செலவு விசையைப் பொறுத்தது என்பதால் அதுவும் நான்கு மடங்காகிறது. அதே தூரம் பாதி நேரத்தில் கடக்கப்படுவதால், காற்றை எதிர்க்க மோட்டார் தர வேண்டிய திறன் எட்டு மடங்காகிறது.

எண்களை வைத்துப் பார்ப்பது நல்லது. பயணிகளோடும் பைகளோடும் சேர்த்து 1,800 கிலோ எடையும், இந்தியாவில் அதிகம் விற்கும் சிறு எஸ்யூவி வகையின் உருவமும், பயன்படுத்தத்தக்க 40 யூனிட் பேட்டரியும் கொண்ட ஒரு மாதிரிக் காரை எடுத்துக்கொள்ளலாம். குளிர்சாதனமும் மற்ற மின்கருவிகளும் சேர்ந்து ஒரு கிலோவாட் எடுப்பதாகக் கொண்டால், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 104 வாட்-மணி செலவிடும். வாட்-மணி என்பது யூனிட்டின் ஆயிரத்தில் ஒரு பங்கு. வேகம் 80 ஆனால் செலவு 128, 100 ஆனால் 163, 120 ஆனால் 206. தூரமாக மாற்றினால், முழு சார்ஜில் 60 வேகத்தில் 385 கிலோமீட்டரும், 80இல் 310 கிலோமீட்டரும், 100இல் 245 கிலோமீட்டரும் ஓடுகிற வண்டி 120இல் 195 கிலோமீட்டரோடு நின்றுவிடும். எண்பதுக்கும் நூறுக்கும் இடையிலான அந்த 20 கிலோமீட்டர் வேகம், நூறு கிலோமீட்டர் பயணத்தில் கால் மணி நேரத்தை மிச்சப்படுத்தி, மூன்றரை யூனிட்டைப் பறித்துக்கொள்கிறது. மிக அதிகத் தூரம் கிடைப்பது மணிக்கு 30 முதல் 40 கிலோமீட்டர் வேகத்தில். அதற்கும் கீழே இறங்கினால் பயணம் நீண்டு குளிர்சாதனத்தின் செலவு மேலோங்கிவிடும். லாரிகளும் ஆம்னி பேருந்துகளும் விரையும் சாலையில் அந்த வேகத்தில் ஊர்வது சிக்கனமாக இருக்கலாம், புத்திசாலித்தனமாக இருக்காது.

விளம்பரத்தில் அச்சாகும் தூரம் எங்கிருந்து வருகிறது என்பதும் இங்கே விளங்கிவிடும். இந்தியாவில் வாகனங்களுக்குச் சான்றளிக்கும் சோதனை, வண்டியை உருளைகளின் மேல் நிறுத்தி, வகுத்துவைத்த ஒரு வேக அட்டவணைப்படி ஓட்டிப் பார்ப்பது. அந்த அட்டவணையின் முதற்பகுதி நகர ஓட்டத்தைப் போன்றது, அதில் வேகம் 50ஐத் தாண்டாது. ஊர்ப்புற ஓட்டத்தைக் குறிக்கும் இரண்டாம் பகுதியிலும் உச்ச வேகம் 90 தான். ஐரோப்பாவில் இன்று வழங்கும் சோதனையின் உச்சம் 131 கிலோமீட்டர் என்றாலும், நிற்கும் நேரமும் கிளம்பும் நேரமும் சேர்த்த அதன் சராசரி 46 அளவிலேயே இருக்கிறது. அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் முகமை, சோதனைக்கூடத்தில் கிடைக்கும் தூரத்தைப் பெரும்பாலும் 0.7 ஆல் பெருக்கிக் குறைத்தே வெளியிடுகிறது. மூன்றிலும் வாங்குபவருக்கு ஓரளவு நெருக்கமான எண் அதுதான். இந்தியச் சோதனை பொய் சொல்கிறது என்று சொல்வதற்கில்லை. நகருக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு அது அவ்வளவு தவறான எண்ணும் அல்ல. திருச்சிக்குப் போகிறவர் அதைத் தம் எண்ணாக எடுத்துக்கொள்வதுதான் தவறு.

வண்டியின் திரையில் மீதித் தூரமாகத் தெரியும் எண்ணும் இதே காரணத்தால் ஏமாற்றுகிறது. கடந்த சில பத்துக் கிலோமீட்டரில் ஆன சராசரிச் செலவை வைத்தே பல வண்டிகள் அதைக் கணிக்கின்றன. தாம்பரம் வரை நெரிசலில் வந்த வண்டி 340 என்று காட்டும். பரனூர் சுங்கச்சாவடி தாண்டி வேகம் நூறைத் தொட்டபின், ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் அந்த எண்ணில் இரண்டு குறையும். பேட்டரியில் ஏதோ கோளாறு என்று புதிதாக வாங்கியவர் பதறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அனுபவம் உள்ளவர்கள் அந்த எண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பேட்டரியில் எத்தனை விழுக்காடு மீதி, கிலோமீட்டருக்கு எத்தனை வாட்-மணி செலவு என்ற இரண்டையும் கவனித்து, மனக்கணக்கில் தூரத்தைப் போட்டுக்கொள்கிறார்கள்.

பிரேக் பிடிக்கும்போது மோட்டாரையே மின்னாக்கியாக இயக்கி, வண்டியின் இயக்க ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்பும் ஏற்பாட்டை ஓட்டுநர்கள் சுருக்கமாக ரீஜென் என்பார்கள். நெடுஞ்சாலையில் இதன் பயனை மிகையாக மதிப்பிடும் வழக்கம் உண்டு. மேற்சொன்ன மாதிரிக் கார் 100 கிலோமீட்டர் வேகத்தில் தன்னுள் வைத்திருக்கும் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 193 வாட்-மணி. அந்த வேகத்தை எட்டப் பேட்டரியிலிருந்து 220க்குக் குறையாமல் எடுக்க வேண்டும். நிறுத்தும்போது ரீஜென் மிகச் சிறப்பாக வேலை செய்தாலும் 160 அளவே பேட்டரிக்குத் திரும்பும். ஆக, ஒரு சுங்கச்சாவடியில் நின்று மீண்டும் பழைய வேகத்துக்கு வருவதற்கு 60 வாட்-மணி போய்விடுகிறது. பெட்ரோல் கார் முழுவதையும் பிரேக் தட்டில் சூடாக இழந்திருக்கும் என்பதால் இது ஆதாயம்தான். ஆனால் பிரேக்கே பிடிக்காமல் இருப்பதோடு ஒப்பிட்டால் நட்டம். சாவடியின் கூரை தூரத்தில் தெரிந்ததுமே காலைத் தளர்த்தி, வண்டியைக் காற்றும் சாலையும் மெல்லக் குறைக்கும்படி விட்டுவிடுகிறவர், ஆற்றலை மின்சாரமாக மாற்றித் திரும்ப இயக்கமாக மாற்றும் இரட்டை இழப்பைத் தவிர்க்கிறார். நெடுஞ்சாலையில் ரீஜெனைக் குறைந்த நிலையில் வைத்துக்கொள்ளும்படி அனுபவசாலிகள் சொல்வதன் காரணம் இதுவே.

வேகம் மாறிக்கொண்டே இருப்பதற்குத் தனியாக ஒரு தண்டனை உண்டு. அரை மணி நேரம் 60இலும் அரை மணி நேரம் 100இலும் ஓடிய வண்டியும், ஒரு மணி நேரம் முழுவதும் 80இல் ஓடிய வண்டியும் ஒரே 80 கிலோமீட்டரைத்தான் கடந்திருக்கும். ஆனால் முதல் வண்டி காற்றுக்குக் கொடுத்தது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதிகம். மெதுவாகச் சென்றபோது மிச்சமானதைவிட விரைந்தபோது செலவானது பெரியது என்பதே காரணம். லாரிக்குப் பின்னால் சிறிது தூரம் ஊர்ந்து, வழி கிடைத்ததும் சீறிப் பாய்ந்து, அடுத்த லாரியிடம் மீண்டும் பிரேக் பிடிக்கும் பழக்கம் நான்கு வழிச்சாலையில் எவ்வளவு பரவலானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வேகத்தைத் தானாக நிலைநிறுத்தும் க்ரூஸ் கண்ட்ரோல் ஏற்பாடு காலுக்கு ஓய்வு தருவதோடு, இந்தச் செலவையும் அடக்குகிறது. பெரிய வாகனத்தின் பின்புறத்தை ஒட்டிச் சென்றால் காற்று குறைவாகத் தாக்கும் என்பது இயற்பியல்படி உண்மை. அந்த ஆதாயம் கணிசமாகக் கிடைக்கும் இடைவெளியில் முன்வண்டி திடீரென்று நின்றால் நிறுத்தவே முடியாது என்பதால், அதை ஒரு வழிமுறையாக எண்ணவே கூடாது.

காற்றுத் தடையைத் தீர்மானிப்பது சாலையோடு ஒப்பிட்ட வேகமல்ல, காற்றோடு ஒப்பிட்ட வேகம். ஆடி மாதத்தில் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் நோக்கிச் செல்லும் வண்டி, காவல்கிணறு தாண்டியதும் ஆரல்வாய்மொழிக் கணவாயின் வழியாகப் பாயும் மேற்குக் காற்றை முகத்தில் வாங்குகிறது; நாட்டின் மிகப் பெரிய காற்றாலைத் தொகுப்புகளில் ஒன்று முப்பந்தலில் அமைந்ததற்குக் காரணமான காற்று அது. எதிர்காற்று மணிக்கு 20 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 80இல் செல்லும் வண்டிக்குக் காற்றின் கணக்கில் வேகம் 100. கிலோமீட்டருக்கான செலவு 128இலிருந்து 165 ஆக ஏறும். திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ள, செலவு 100க்கு இறங்கும். போக வரச் சராசரி 132 என்பதால், போகும்போது இழந்ததைத் திரும்பும்போது முழுவதுமாக மீட்க முடிவதில்லை. பக்கக் காற்றும் தீங்கற்றதல்ல. நேர் எதிரில் வரும் காற்றுக்காக வளைக்கப்பட்ட உடல், காற்று சாய்வாகத் தாக்கும்போது அவ்வளவு வழுக்கலாக இருப்பதில்லை. பாலக்காட்டுக் கணவாயின் காற்று வீசும் கோவை, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்துச் சாலைகளிலும் தென்மேற்குப் பருவத்தில் இதே கணக்கு பொருந்தும். புறப்படும் முன் வானிலைச் செயலியில் மழையைப் பார்ப்பவர் காற்றின் திசையையும் பார்த்துக்கொள்வது, எத்தனை விழுக்காட்டில் கிளம்புவது என்று முடிவு செய்ய உதவும்.

ஓட்டுநர் கையிலில்லாத ஒன்று வண்டியின் உருவம். அது வாங்கும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. ஓர் உருவம் காற்றில் எவ்வளவு எளிதாக வழுக்கிச் செல்லும் என்பதை இழுவைக் கெழு என்ற எண் குறிக்கிறது. அதை வண்டியின் முன்பரப்பால் பெருக்கினால் காற்றுத் தடையின் அளவு கிடைக்கும். உயர்ந்து நிற்கும் எஸ்யூவிகளுக்கு இக்கெழு 0.3ஐ ஒட்டியும் அதற்கு மேலும் இருக்க, ஹூண்டாய் அயோனிக் 6 போன்ற தாழ்ந்த நீள்கார்களுக்கு அது 0.21 அளவுக்கு இறங்கியிருக்கிறது. இதன் எல்லையைக் காட்டவே மெர்சிடிஸ் நிறுவனம் விஷன் ஈக்யூஎக்ஸ்எக்ஸ் என்ற சோதனைக் காரை 0.17 என்ற கெழுவோடு கட்டியது. 2022 ஏப்ரலில் அது ஜெர்மனியின் சிண்டெல்ஃபிங்கனிலிருந்து பிரான்சின் கடற்கரை ஊரான கஸ்ஸி வரை 1,008 கிலோமீட்டரை ஒரே சார்ஜில் கடந்தது. பேட்டரி 100 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. சராசரி வேகம் மணிக்கு 87 கிலோமீட்டர். கிலோமீட்டருக்குச் செலவு 87 வாட்-மணி. மாதிரிக் கணக்கில் எடுத்த சிறு எஸ்யூவி இதே வேகத்தில் ஏறத்தாழ 140 செலவிடும். இந்திய வாங்குவோரின் உயரமோகம், மேடுபள்ளங்களையும் மழைநீரையும் நினைத்தால் புரிந்துகொள்ளத்தக்கதே. என்றாலும் அதன் விலை ஒவ்வொரு கிலோமீட்டரிலும் வசூலாகிறது.

இருக்கும் உருவத்தை மேலும் கெடுக்காமல் பார்த்துக்கொள்வது ஓட்டுநர் கையில் இருக்கிறது. ஊரிலிருந்து இரண்டு 50 கிலோ அரிசி மூட்டைகளை டிக்கியில் வைத்துக் கொண்டுவந்தால் உருளல் தடை சிறிது கூடி, கிலோமீட்டருக்கு மூன்று வாட்-மணிக்கும் குறைவாகவே கூடுதல் செலவாகும். 100 வேகத்தில் அது இரண்டு விழுக்காடுகூட இல்லை. அதே இரண்டு மூட்டைகளைக் கூரைமேல் கேரியரில் ஏற்றித் தார்ப்பாய் போர்த்திக் கட்டினால், காற்றுத் தடை ஐந்தில் ஒரு பங்கு கூடுவதாக வைத்துக்கொண்டாலும், எடைக்கான செலவு போக மேலும் 20 வாட்-மணி கிலோமீட்டருக்குப் பறிபோகும். தடை கூடும் அளவு கட்டிய விதத்தைப் பொறுத்தது. வெறும் கேரியர் கம்பிகள்கூடச் சுழல்களை உண்டாக்குவதால், பயன்படாத நாளில் அவற்றைக் கழற்றி வைப்பதே சரி. சமதள நெடுஞ்சாலையில் எடையைக் குறைக்கப் பாடுபடுவது பெரும்பாலும் வீண் உழைப்பு. டயரின் காற்றழுத்தம் அப்படியல்ல. குறைந்த காற்றோடு ஓடும் டயர் அதிகமாக நசுங்கி அதிகமாகச் சூடாகிறது. ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருக்கும் அளவை, வண்டி ஓடாமல் டயர் ஆறியிருக்கும் காலையில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். தோற்றத்துக்காக அகலமான டயர் மாற்றுகிறவர்களின் வண்டியில், உருளல் தடை குறைவாக இருக்கும்படி தயாரிப்பாளர் தேர்ந்தெடுத்த டயரின் ஆதாயம் சொல்லாமல் கொள்ளாமல் மறைகிறது.

ஏற்றமும் இறக்கமும் சமதளக் கணக்கைக் குலைக்கின்றன. எனினும் எல்லா ஏற்றமும் ஒரே வகையல்ல. சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் வண்டி கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். மாதிரிக் காருக்கு இதற்கு மட்டும் 5 யூனிட், அதாவது பேட்டரியில் எட்டில் ஒரு பங்கு தேவை. அதிலும் கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையிலான சுமார் 50 கிலோமீட்டரில் மட்டும் ஏறத்தாழ 400 மீட்டர் ஏற்றம் இருப்பதால், அப்பகுதியில் 80இல் சென்றாலும் செலவு சமதளத்தில் 100இல் செல்வதைவிட அதிகமாகும். வியப்பு திரும்பும் வழியில் இருக்கிறது. இவ்வளவு மெல்லிய சரிவில் புவியீர்ப்பு வண்டியைத் தள்ளும் விசை, காற்றும் டயரும் இழுக்கும் விசையைவிடக் குறைவு. ஆகவே பிரேக்கோ ரீஜெனோ தேவைப்படாமல் மோட்டாரின் வேலை மட்டும் இலகுவாகிறது, ஏறும்போது கொடுத்த ஆற்றல் கிட்டத்தட்ட முழுவதுமாகத் திரும்ப வருகிறது.

நீலகிரியில் நிலைமை வேறு. மேட்டுப்பாளையத்துக்கும் உதகைக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,900 மீட்டர். சரிவு செங்குத்தானது, வேகமும் குறைவு. உதகையில் நிற்கும் மாதிரிக் கார் உயரத்தின் பெயரில் 9 யூனிட்டுக்கு மேல் சேமித்து வைத்திருக்கிறது. இறங்கும் 50 கிலோமீட்டரில் காற்றும் டயரும் மூன்று யூனிட் அளவே எடுத்துக்கொள்ளும். மீதியை ரீஜென் பிடித்துப் பேட்டரியில் போட வேண்டும், மாற்றத்தின் இழப்பு போக ஐந்து யூனிட்டுக்குச் சற்று மேல் அங்கே சேரும். ஆனால் விடுதியில் இரவு முழுவதும் சார்ஜ் போட்டு 100 விழுக்காட்டோடு இறங்கத் தொடங்கினால், நிறைந்த பேட்டரி இதை ஏற்க மறுக்கும். ரீஜென் செயலிழந்து, வழக்கமான பிரேக்குகளே முழுச் சுமையையும் தாங்கிச் சூடாகும். 85 விழுக்காட்டில் சார்ஜை நிறுத்திவிட்டுப் புறப்படுகிறவர் மேட்டுப்பாளையத்தில் கிட்டத்தட்ட நிறைந்த பேட்டரியோடு வந்து சேர்வார், பிரேக்குகளும் குளிர்ச்சியாக இருக்கும்.

குளிர்சாதனத்தை நிறுத்தி வியர்த்துக்கொண்டு பயணிப்பதில் நெடுஞ்சாலையில் பெரிய பயனில்லை. ஒரு கிலோவாட் எடுக்கும் கருவி 100 வேகத்தில் கிலோமீட்டருக்குப் பத்து வாட்-மணியே கேட்கிறது. அதை மிச்சப்படுத்த ஜன்னல்களைத் திறந்தால் உள்ளே புகும் காற்று வண்டியின் தடையைக் கூட்டி மிச்சத்தில் பங்கு கேட்கும். வெயிலில் நின்று கொதித்த வண்டியை முதலில் குளிர்விக்கும் சில நிமிடங்களில்தான் கருவி இரண்டு மூன்று கிலோவாட் வரை இழுக்கிறது என்பதால், சார்ஜரில் பொருத்தியிருக்கும்போதே செயலி வழியாக உள்ளே குளிரூட்டிக்கொள்வது நல்ல உத்தி. வெப்பத்துக்கு ஒரு நன்மையும் உண்டு: 40 பாகை வெயிலில் காற்றின் அடர்த்தி 15 பாகைக் காற்றைவிட எட்டு விழுக்காடு குறைவு, தடையும் அதே அளவு குறைவு. நார்வே போன்ற குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் ஐந்தில் ஒரு பங்கு தூரம் குறைவதாகச் சோதனைகள் காட்டுகின்றன; அறையைச் சூடாக்கவும் உறைந்த பேட்டரியை இயங்கவைக்கவும் ஆகும் அந்தச் செலவு தமிழ்நாட்டு ஓட்டுநருக்கு இல்லை.

இத்தனை கணக்கையும் பார்த்த ஒருவர், மெதுவாகச் செல்வதே அறிவுடைமை என்ற முடிவுக்கு வரக்கூடும். அது பாதி உண்மை. ஊர் போய்ச் சேரும் நேரம் என்பது ஓடும் நேரமும் சார்ஜ் போடும் நேரமும் சேர்ந்தது. ஆகவே சிறந்த வேகத்தை முடிவு செய்வது வழியில் கிடைக்கும் சார்ஜரின் திறனே. சென்னையிலிருந்து திருச்சி வரை 330 கிலோமீட்டர் என்று கொண்டால், 80இல் செல்லும் மாதிரிக் காருக்கு 42 யூனிட்டும், 100இல் செல்வதற்கு 54 யூனிட்டும் வேண்டும். இந்த இரண்டு வேகத்திலும் வழியில் ஒரு முறையாவது சார்ஜ் போட்டாக வேண்டும் என்பதால், வேறுபாடு அந்த 12 யூனிட் மட்டுமே. விரைந்து சென்றவர் சாலையில் மிச்சப்படுத்துவது 50 நிமிடம். விழுப்புரத்திலோ உளுந்தூர்பேட்டையிலோ சராசரி 30 கிலோவாட் தரும் சார்ஜர் காலியாக இருந்தால் அந்த 12 யூனிட்டை 24 நிமிடத்தில் ஏற்றிவிடலாம், விரைந்தவரே முந்துகிறார். சார்ஜர் 14 கிலோவாட் அளவே தந்தால் இருவரும் சமம். வரிசையில் காத்திருந்தாலோ, சார்ஜர் அதற்கும் குறைவாகத் தந்தாலோ, மெதுவாக வந்து சிறிதளவு ஏற்றிக்கொண்டு கிளம்பியவர் முன்னால் போயிருப்பார். பேட்டரி 80 விழுக்காட்டைத் தாண்டியதும் செல்களைக் காக்கும் பொருட்டு மின்னோட்டம் படிப்படியாகக் குறைக்கப்படுவதால், எந்தச் சார்ஜரும் கடைசி இருபது விழுக்காட்டில் மந்தமாகிவிடும். பத்துக்கும் எண்பதுக்கும் இடையில் ஏற்றிக்கொண்டு கிளம்புவதே பயணத்தில் ஆதாயம்.

வேகத்தைக் குறைப்பது மாற்றுவழியற்ற தேவையாகும் இடம் ஒன்று உண்டு. நம்பி வந்த சார்ஜர் பழுதாகி நிற்க, பேட்டரியில் 15 விழுக்காடு, அதாவது 6 யூனிட், மீதியிருக்கிறது. அடுத்த சார்ஜர் 55 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 100இல் சென்றால் வண்டி 37 கிலோமீட்டரில் நின்றுவிடும், 80இல் சென்றால் 47இல். 60இல் சென்றால் 58 கிலோமீட்டர் ஓடி மயிரிழையில் சேரும். குளிர்சாதனத்தையும் நிறுத்தினால் 65ஐத் தாண்டிய தூரம் கையில் இருக்கும், ஏனெனில் குறைந்த வேகத்தில் அந்த ஒரு கிலோவாட்டின் பங்கு பெரிதாகிறது. ஆனால் முடிவை உடனே எடுக்க வேண்டும். முதல் 20 கிலோமீட்டரைப் பழைய நூறிலேயே ஓட்டிவிட்டு, எண் சிவப்பான பிறகு அறுபதுக்கு இறங்குகிறவருக்கு மீதமிருப்பது இன்னும் 26 கிலோமீட்டர் மட்டுமே. அவருடைய வண்டி சார்ஜருக்கு ஒன்பது கிலோமீட்டர் முன்னால் சாலையோரத்தில் நிற்கும்.